அவங்கப்பாவோட சனிக்கிழமை

கண்ணை மூடிக்குங்க அக்கா. மூஞ்சிக்குப் போட்ட இந்தப் பேக் காயற வரைக்கும் வாயை அசைக்கக் கூடாது, விரிசல் விட்டுரும். நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன்.

வீட்டுல யாரும் இல்லையான்னு கேட்டீங்கல்ல? எம்பொண்ணு இருக்கா. மிருதுளா. எட்டாவது படிக்கறா. இன்னைக்குச் சனிக்கிழமையாச்சே, அவங்கப்பா வீட்டுக்குப் போயிட்டா. சனிக்கிழமை அவருது. கோர்ட்ல அப்படித்தான் சொல்லி விட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில கொண்டாந்து விடுவாரு.

பாவம்னு பாக்காதீங்க. நீங்க கண்ணை மூடியிருந்தாலும் எனக்குத் தெரியும். ஆளு மோசம்னும் நினைச்சுக்காதீங்க. குடிக்க மாட்டாரு. கை நீட்டுனதில்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தா நாலு பேருகிட்டச் சொல்றதுக்காவது சுலபமா இருந்திருக்கும். லோகநாதன்னு பேரு. டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறாரு. பொள்ளாச்சியில பாதிப் பொம்பளைங்க அவருகிட்டப் பழகுனவங்கதான். 'பதறாதீங்க மேடம், மெதுவா கிளட்ச்சை விடுங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு அத்தனை பொறுமையாச் சொல்லுவாரு. வீட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டை.

மிருதுவை வளத்ததெல்லாம் நான்தானுங்க. ஊசி போட்டது, பள்ளிக்கூடத்துல சேத்தது, பேன் பாத்தது, பரீட்சைக்கு முழிச்சது எல்லாம் நான். அவருக்கு அதுல அக்கறையே கிடையாது. ஒருநாள் சோறு ஊட்டறேன்னு உக்காந்தாரு. பிசையவே தெரியலை, கட்டி கட்டியா இருக்குது. தட்டை வாங்கிட்டேன். இன்னொரு நாளு தலை சீவி விடறேன்னாரு. வகிடு கோணல். நான் இதையே தொழிலாப் பண்றவ, பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? சீப்பை வாங்கிட்டேன். ஸ்கூல் மீட்டிங்குக்கு நான் போறேன்னாரு. என்னத்தைக் கேட்டுட்டு வருவாரு? நானே போயிட்டேன். அப்புறம் அவராவே ஒண்ணும் கேக்கறதில்லை. டிவியைப் பாத்துட்டு உக்காந்துக்குவாரு. அக்கறை இருக்கறவரு அப்படி உக்காருவாருங்களா, நீங்களே சொல்லுங்க. இல்லை, சொல்லாதீங்க, பேக் காயலை.

கேஸ் போட்டது நான்தான். ஒரு வீட்டுல இருந்துக்கிட்டு வாரக்கணக்குல பேசிக்காம இருக்கறதுக்குத் தனியாவே இருந்துக்கலாம்னு தோணுச்சு. அவரும் மறுக்கலை. அதுவே எனக்கு ஒரு மாதிரிதான் இருந்துச்சு, அது கெடக்குது. கோயமுத்தூர்ல கோர்ட். ஜட்ஜம்மா எங்க ரெண்டு பேரையும் பாத்து, 'நீங்க பிரியறது உங்க முடிவு. ஆனா அந்தப் பொண்ணுக்கு அப்பாவும் அம்மாவும் நீங்கதான், அதை நான் ரத்து பண்ண முடியாது. பிரிஞ்சதுக்கப்புறம் பிள்ளையை எப்படிச் சேர்ந்து வளர்க்கறதுன்னு ஒரு வகுப்பு நடக்குது, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க'ன்னு உத்தரவு போட்டுட்டாங்க.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. பிள்ளை வளக்க எனக்கு வகுப்பா? ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். இந்தாளு அங்க வந்து முழிக்கப் போறாரு, எல்லாரும் பாக்கட்டும்னு.

புதன்கிழமை மத்தியானம் வகுப்பு. ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான் போவோம். அவரு முன்னால, நான் பின்னால. மாடியில ஒரு ஹாலு, வட்டமாச் சேரு போட்டிருப்பாங்க. புருசன் பொண்டாட்டி பக்கத்துல பக்கத்துல உக்காரக் கூடாது. தமயந்தி மேடம்னு ஒருத்தங்கதான் நடத்துவாங்க. அதட்டவே மாட்டாங்க, ஆனா அவங்க ஒரு கேள்வி கேட்டா பொய் சொல்ல வராது.

மொத நாளு, உங்க பிள்ளையைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. நான் விடுவனுங்களா? அவளுக்குப் பிடிச்ச காயி, பிடிக்காத டீச்சரு, சிநேகிதி பேரு, சிநேகிதியோட நாய்க்குட்டி பேரு வரைக்கும் சொன்னேன். மேடம் கேட்டுட்டே இருந்தாங்க. அப்புறம் அவருகிட்ட, 'நீங்க ஏதாவது சேர்க்கணுமா?'ன்னாங்க. நான் அவரு மூஞ்சியவே பாத்துட்டிருக்கேன். மனுசன் தரையைப் பாத்துட்டு, 'ஸ்கூல் விட்டு வர்றப்ப வீடு பூட்டியிருந்தா மிருதுவுக்குப் பயமுங்க. சாவி அவ பையிலதான் இருக்கும். இருந்தாலும் திறந்து உள்ள போக மாட்டா, படியிலயே உக்காந்திருப்பா'ன்னாரு.

எனக்குத் தெரியாதுங்க அக்கா. நான் அப்பல்லாம் மேக்கப் ஆர்டருக்கு வெளிய போயிருப்பேன். வந்து பாத்தா படியில உக்காந்திருப்பா, காத்து வாங்கறாளாக்கும்னு நினைச்சுக்குவேன். 'எப்படிங்க தெரியும்?'னு மேடம் கேக்கறாங்க. 'போன வாரம் அவளே சொன்னா'ங்கறாரு. எங்கிட்டச் சொல்லாததை அவருகிட்ட எதுக்குங்க சொல்றா? பெத்தவ நானு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து மிருதுகிட்டக் கேட்டேன். 'நீ கேக்கலையேம்மா'ங்கறா. இதெல்லாம் கேட்டாத்தான் சொல்லணுமுங்களா?

அடுத்த வாரம் அதைவிட மோசம். பெத்தவங்க ஒருத்தரு பிள்ளை மாதிரி நடிக்கணும். ஒரு வீட்டுல இருந்து இன்னொரு வீட்டுக்குப் போற நேரம், பிள்ளை எப்படி இருக்கும்னு காட்டணும். அவரைக் கூப்பிட்டாங்க. எந்திரிச்சுப் போயி நடுவால சேருல உக்காந்தாரு. பையை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. சட்டைக் காலரை இழுத்து வாயில வெச்சுக் கடிக்கறாரு. அந்தப் பக்கம் ஒரு பார்வை, இந்தப் பக்கம் ஒரு பார்வை. எந்திரிக்கப் போறாரு, திரும்பி உக்காந்துக்கறாரு. ஒரு வார்த்தை பேசலை. அப்படியே மிருதுங்க. அச்சு அசல். அந்தக் காலரைக் கடிக்கறதுக்கு நான் அவளை எத்தனை தடவை திட்டியிருப்பேன்.

ஹாலே அழுகுது. அழுது முடிச்சுக் கைதட்டறாங்க. மேடம் எந்திரிச்சு நின்னு கைதட்டறாங்க. எனக்குக் கை வரலீங்க. இத்தனை நாளு வீட்டுல டிவி பாத்துட்டு உக்காந்திருந்த ஆளு, வெளியாளுங்க முன்னால இப்படி நடிச்சா, அதுக்கு என்ன அர்த்தம்? அந்த நடிப்பை வீட்டுல காட்டியிருக்கலாமில்லீங்களா?

அதுல பிரமிளான்னு ஒருத்தி. அவ புருசன் வகுப்புப் பக்கமே வர மாட்டான். இவரு பேசுனா மூஞ்சியை நிமித்திக் கேட்டுட்டே இருப்பா. இடைவேளையில இவருகிட்ட வந்து, 'உங்க பொண்ணு குடுத்து வெச்சவங்க'ங்கறா. நான் அங்கயேதான் டீயோட நிக்கறேன். என்னைப் பாத்து ஒரு வார்த்தை இல்லை. அடுத்த மாசம் பாத்தா, அவ பொள்ளாச்சிக்கே பஸ் ஏறி வந்து இவருகிட்டக் கார் பழகறா! கோயமுத்தூர்ல இல்லாத டிரைவிங் ஸ்கூலுங்களா? எனக்கென்ன, நான்தான் வெட்டி விட்டுட்டேனே. யாரு எந்தக் கிளட்ச்சை மிதிச்சா எனக்கென்ன. கடைவீதியில தற்செயலா அந்த வண்டியைப் பாத்தேன், அதனால சொல்றேன். ரெண்டு மூணு தடவை தற்செயலாப் பாத்தேன். பொண்ணு நல்லா கலரா இருப்பா. புருவம் மட்டும் மகா அசிங்கம்.

இந்த வகுப்புல ஒரு விதி. பிள்ளை அவங்ககூட இருக்கற நாளுல நாம சும்மாச் சும்மாப் போன் பண்ணக் கூடாது. நான் மணிக்கொரு தடவை பண்ணிட்டிருந்தேன். சாப்பிட்டாளா, தூங்குனாளா, மின்விசிறிக்கு நேராப் படுத்தா அவளுக்குச் சளி பிடிக்கும், இதையெல்லாம் யாரு சொல்றது? அதை மேடம் எல்லாரு முன்னாலயும், 'கோகிலவாணி, சாயங்காலம் ஒரு தடவை போதும்'னுட்டாங்க. சரி, விதின்னா ரெண்டு பேருக்கும்தானே? சனிக்கிழமையானா நான் போனை சைலன்ட்ல போட்டுப் பைக்குள்ள வெச்சுருவேன். அவரு பண்ணுனாலும் எடுக்கறதில்லை. இருந்து பாக்கட்டும், தனியா.

அப்படி ஒரு சனிக்கிழமைதான். நெகமத்துல ஒரு தெரட்டி சீரு. ஒரு பொண்ணு பெரியவளாகி, பெரிய மண்டபத்துல பண்றாங்க. மேக்கப், ஜடை எல்லாம் நான். உங்களுக்கே தெரியும், நம்ம பக்கம் சீருன்னா எங்கிட்டத்தான் வருவாங்க. பூ ஜடை நான் பின்னுனா ராத்திரி வரைக்கும் ஒரு மொட்டு உதிராது. ஒவ்வொரு பொண்ணுக்குப் பின்னறப்பவும் மனசுக்குள்ள மிருதுவுக்குத்தான் பின்னிட்டிருப்பேன். அவளுக்கு அரக்குப் பட்டு இல்லை, மாம்பழக் கலரு. நெத்திச்சுட்டி சின்னதா இருந்தாத்தான் அவ மூஞ்சிக்கு எடுக்கும். எல்லாம் வருசக்கணக்கா யோசிச்சு வெச்சது. சந்தனம் வெக்கற சொம்பு வரைக்கும்.

வேலை முடிஞ்சு பையைத் திறந்து போனை எடுக்கறேன், அவருகிட்ட இருந்து வரிசையா வந்திருக்குது. கடைசியா ஒரு மெசேஜ். 'மிருது பெரியவளாயிட்டா. பயப்படற மாதிரி ஒண்ணுமில்லை. நல்லா இருக்கா. எப்ப முடியுதோ அப்ப வா.'

ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு நான் ஜடை போட்டுட்டிருக்கேன், எம்பிள்ளை அங்க. அதுவும் எங்கே? அவரு வீட்டுல. அவரு சனிக்கிழமையில. வாரத்துல இத்தனை நாளு எங்கூட இருக்கறவளுக்கு அந்த ஒருநாள்தான் வாய்க்கணுமா? போனை எடுக்கலைன்னு என்னைச் சொல்லாதீங்க. விதி அவங்க போட்டது.

ஆட்டோ பிடிச்சு ஓடுனேன். பிள்ளை மூலையில சுருண்டு படுத்து அழுதுட்டிருப்பா, என்னைப் பாத்ததும் 'அம்மா'ன்னு வந்து விழுவா, அப்படித்தான் நினைச்சுட்டுப் போறேன். கதவைத் தொறந்தா, அவங்கப்பாவோட பழைய சட்டை ஒண்ணைப் போட்டுக்கிட்டு, காலை நீட்டி உக்காந்து டிவி பாத்துட்டிருக்கா. கையில கிண்ணம். உளுந்தங்களி. அவரே போனைப் பாத்துக் கிண்டுனாராம். கட்டி கட்டியா இருக்குது. அதைப் போயி வழிச்சு வழிச்சுத் திங்கறா.

'வாம்மா'ங்கறா. அவ்வளவுதான்.

நான் குளியலறைக்குள்ள போயிப் பாத்தேன். நாப்கின் வாங்கி வெச்சிருக்காரு. நல்ல கம்பெனிதான், சரியான சைசு. எனக்கு உடனே சுருக்குன்னுச்சு. ஆம்பளைக்கு இது எப்படித் தெரியும்? எவளோ சொல்லியிருக்கா. எவளுன்னு எனக்குத் தெரியாதா? வெளிய வந்து, 'யாரு வந்திருந்தா இங்க?'ன்னு கேட்டேன்.

'யாரும் வரலையேம்மா. அப்பா மெடிக்கல்ல போயி, அங்க இருந்த அக்காகிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தாரு. எப்படி வெக்கறதுன்னு எங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க.'

'எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?'

'அப்பா எத்தனை தடவை போன் பண்ணுனாரு தெரியுமா?'

'நீ பண்ணியிருக்கலாமில்ல?'

அவ டிவியை அமத்துனா. கிண்ணத்தைக் கீழ வெச்சா. 'நீ அழுவேம்மா. எனக்கே பயமா இருந்துச்சு. நீயும் அழுதா நான் என்ன பண்றது?'

நான் அழுவேனுங்களா? அப்ப அழுதுட்டிருந்தேன், அது வேற விசயம். அது அவ சொன்னதுனால வந்த அழுகை.

அதோட விட்டாளா? சீரைப் பத்தி எங்கண்ணனுக்குச் சொல்லணும், தாய்மாமன் முறை இருக்குது, மண்டபம் பாக்கணும்னு நான் பேசிட்டே இருக்கேன். 'எனக்குச் சீரு வேண்டாம்மா'ங்கறா. 'ஸ்டேஜுல உக்கார வெச்சு எல்லாரும் பாப்பாங்க. எங்க கிளாஸ் பசங்கள்லாம் வருவாங்க. எனக்கு வேண்டாம்.' சமையல்கட்டுல நின்னுட்டிருந்த மனுசன் எட்டிப் பாத்து, 'அவ சொல்றதைக் கேளு கோகிலா'ங்கறாரு. வகுப்புல கத்துக்கிட்டது! அதே குரலு, அதே பதவிசு. பதறாதீங்க மேடம், கிளட்ச்சை விடுங்க.

புதன்கிழமை நேரா மேடம்கிட்டப் போயி நின்னேன். 'இவரு பிள்ளை மனசைக் கலைக்கறாரு. எங்கிட்ட இருந்து பிரிக்கறாரு. கோர்ட்டுக்கு எழுதுங்க'ன்னேன். அவங்க அவரையும் கூப்பிட்டு உக்கார வெச்சாங்க.

'சீர் யாருக்கு?'ன்னாங்க எங்கிட்ட.

'மிருதுவுக்குத்தான்.'

'மிருது என்ன சொல்றா?'

'அவ சின்னப் பிள்ளைங்க, அவளுக்கென்ன தெரியும்?'

'அவ பெரியவளாயிட்டான்னுதானே சீர்?'ன்னாங்க. வார்த்தையை வெச்சு மடக்குனா ஆச்சா?

அப்ப இவரு சொல்றாரு, 'மேடம், இத்தனை வருசமா யாரு யாரு பிள்ளைக்கோ இவ கை வலிக்க வலிக்கப் பின்னி விட்டிருக்கா. தம்பிள்ளைக்குப் பண்ணணும்னு அவளுக்கு ஆசை இருக்காதுங்களா? மண்டபமெல்லாம் வேண்டாம். வீட்டோட, அம்மாவும் மகளும் மட்டும் இருந்து பண்ணிக்கலாமான்னு நான் மிருதுகிட்டக் கேட்டுப் பாக்கறேன். நான் வரலை.'

எனக்காகப் பேசறாராம். எம்பிள்ளைகிட்ட எனக்காகச் சிபாரிசு!

கேட்டிருக்காரு. அவளும் சரின்னுட்டா. அதைத்தான் அக்கா என்னால தாங்க முடியலை. நான் அழுது கேட்டப்ப மாட்டேன்னவ, அவரு கேட்டதும் சரின்னுட்டா. என்னதான் சொன்னாருன்னு அவகிட்டக் கேட்டேன். 'ஒண்ணும் சொல்லலை, அம்மாவுக்கு ஆசையா இருக்குது, உனக்குச் சம்மதமான்னு கேட்டாரு'ங்கறா. இதைத்தானே நானும் கேட்டேன்? கேட்டேனா இல்லையான்னு இப்ப ஞாபகமில்லை. கேட்டிருப்பேன்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பார்லரைச் சாத்திட்டு, இதோ நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சேருல உக்கார வெச்சேன். எண்ணெய் வெச்சுக் குளிப்பாட்டி, மாம்பழக் கலருப் பட்டைக் கட்டி, பின்ன ஆரம்பிச்சேன். என்ன முடிங்கறீங்க அவளுக்கு! ஒரு வார்த்தை முணுமுணுக்காம உக்காந்திருந்தா. மல்லி, நடுவால மரிக்கொழுந்து, கீழ குஞ்சலம். நெத்திச்சுட்டி வெச்சுக் கண்ணாடியைப் பாக்கச் சொன்னேன். பாத்தா. 'நானாம்மா இது?'ங்கறா. அந்த நிமிசம் எனக்குச் சொர்க்கமுங்க. நானும் அவளும் மட்டும். யாரும் இல்லை.

அடுத்த வார்த்தை, 'அம்மா, அப்பாவை வரச் சொல்லட்டா?'

'எதுக்கு? அவருதான் வரலைன்னாரே'ன்னேன். 'போட்டோ எடுத்துக் காட்டிக்கோ.'

அவ சண்டைக்கு வரலை. கண்ணாடியில என்னைப் பாத்துட்டே, கையைப் பின்னால கொண்டு போயி, ஜடையில இருந்த ஊக்கை உருவி மேசை மேல வெச்சா. அப்புறம் இன்னொண்ணு. ஊக்கு ஊக்கா எடுக்கறா. அழலை, கோபமும் இல்லை. பூ ஒரு பக்கம் சரிய ஆரம்பிச்சிருச்சு.

'இரு இரு, எடுக்காதே. வரச் சொல்லு'ன்னேன்.

போன் பண்ணுனா. ரெண்டு நிமிசத்துல வந்துட்டாரு. பக்கத்துத் தெருவுலயே வண்டியை நிறுத்திட்டு உக்காந்திருந்திருக்கணும். ரெண்டு பேரும் பேசி வெச்சிருப்பாங்கன்னுதான் நான் இன்னமும் நினைக்கறேன். மிருது இல்லைன்னு சத்தியம் பண்றா. வந்தவரு உள்ள வரலை. வாசப்படியிலயே செருப்பைக் கழட்டிட்டு நிக்கறாரு. நான் சொல்லணும்னு நிக்கறாரு. 'வாங்க'ன்னேன். என்ன பண்றது?

அவளைப் பாத்தாரு. பாத்துட்டே நின்னாரு. 'அம்மா போட்டு விட்டாளா?'ன்னாரு. இல்லை, அந்த மெடிக்கல்காரி போட்டு விட்டா! ஆனா கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மிருது அவரைப் பாத்துச் சிரிக்கறா. 'அழாதீங்கப்பா'ங்கறா, கொஞ்சற மாதிரி.

சரிஞ்ச பூவை நான் மறுபடியும் குத்தி விட்டேன். மிருது, 'ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, கும்பிட்டுக்கறேன்'னா. நின்னோம். இந்த ரெண்டு வருசத்துல அவரு பக்கத்துல நான் நிக்கறது அதுதான் மொதத் தடவை. தோளு படாம நின்னேன். அவரும் அப்படித்தான்.

குனிஞ்சா. நான் கண்ணு இமைக்காமப் பாத்துட்டிருக்கேன். மொதல்ல அவரு கால்லதான் கையை வெச்சா. அவரு பக்கம் கிட்டக்க இருந்துச்சு, அதனாலதான் இருக்கும். அப்புறம் எங்கால்ல. பட்டுச் சேலை அவளுக்குப் பழக்கமில்லையா, எந்திரிக்கறப்பத் தடுக்கிருச்சு. ரெண்டு பேரும் கையை நீட்டுனோம். அவ எங்கையைப் பிடிச்சுத்தான் எந்திரிச்சா. என்னோட கையைத்தான்.

அதை அவரும் பாத்தாருங்க அக்கா. நல்லாவே பாத்தாரு.